ஒரே கையில் இரண்டு கொப்புளங்கள்

இந்த மலாய் நாட்டில் முந்திரி மரத்தின் இலையைத் தின்கிறார்கள். தங்கா பத்து என்னும் ஊரின் கடற்கரைக் கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், செம்புநிறத் தளிரைக் கொத்தாகக் கிள்ளி, சம்பலில் தோய்த்து, சோற்றோடு பச்சையாகக் கடிக்கிறார்கள். வந்த புதிதில் ஒரு மலாய்க்கார அம்மாளிடம் முந்திரிக்கு அவர்கள் சொல்லும் பெயரில், 'காஜுஸ்' வேண்டும் என்று கேட்டேன். முகம் மலர உள்ளே போனவர் ஒரு கட்டுத் தழையோடு வந்தார். கொட்டை வேண்டும் என்று கையால் காட்டினேன். அதை வைத்து என்ன செய்வாய் என்பதுபோல் பார்த்தார். அவர் காலடியில் மணலெல்லாம் கொட்டை சிதறிக் கிடந்தது. எங்கள் பண்ருட்டிப் பக்கம் பாயசத்தில் முந்திரி குறைந்தால் சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்ளாமல் முந்திரி உடைக்க உட்காரமாட்டார்கள். கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள் அரிக்கும், பிறகு கொப்புளிக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது ஆகாது. மருந்து வேலை கற்ற காலத்தில் ஒரு டாக்டர் காரணம் சொன்னார். அந்த எண்ணெய் தோலின் மேல் அழுக்காக ஒட்டியிருப்பதில்லை; தோலின் புரதத்தோடு பிணைந்து புதிதாக வேறொன்றாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தச் சோப்பாலும் பிரிக்க முடியாது. உடம்போ அந்த இடத்தைத் தன்னுடையது என்று அடையாளம் காணாமல், அந்நியன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு எழுகிறது. கொப்புளம் என்பது அந்தச் சண்டை. இப்போது நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். புண் கட்டும்போதெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வரும்.

வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தபின், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். காட்டில் ஒளிந்து அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசியும் போகக்கூடாது. அப்படி ஒரு காலையில், பால் வெட்டும் செல்லம்மாவின் சட்டைக் கை விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளம். போலீஸ் இன்ஸ்பெக்டர், ஓர் இளம் வெள்ளைக்காரர், ஒரே வார்த்தை சொன்னார்: "ரெங்காஸ்." ஆற்றுக்கு அப்பால் காட்டில் நிற்கும் மரம் அது. அதன் பால் பட்டால் இப்படித்தான் ஆகும். ரெங்காஸ் பட்டவள் காட்டுக்குப் போனவள். காட்டுக்குப் போனவள் சோறு கொடுத்தவள். இன்ஸ்பெக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்களுக்கு முன் ரோந்து போய், அந்த மரத்தடியில் படுத்து, கண் திறக்க முடியாமல் வீங்கி வந்தவர் அவர். நான்தான் மருந்து பூசினேன்.

செல்லம்மா கேட்டடிக் கொட்டகையில் காவலில் உட்கார்ந்திருந்தாள். பால்குடி மறக்காத பிள்ளையை அவள் புருஷன் தூக்கிவந்து கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றான்.

"கோயிலுக்குப் பொங்க வைக்கலாம்னு கம்பத்துல காஜுஸ் கொட்டை பொறுக்கியாந்தேன்யா. லயத்துப் பின்னால சுட்டு ஒடைச்சேன். வேற ஒரு பாவமும் அறியேன்."

"சாம்பல் பூசிக்கிட்டியாம்மா?"

"சாம்பலா? எதுக்கு?"

அவள் குடும்பம் சேலத்துப் பக்கம். முந்திரியைப் பொங்கலில் பார்த்திருக்கிறாளே தவிரத் தோட்டோடு பார்த்ததில்லை. இதை நான் சொன்னதும் கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் ஹமீது சிரித்துவிட்டான். "காஜுஸா, டிரஸர்? நாங்க தினமும் பச்சையா சாப்பிடுறோம்லா. எங்கம்மா வாயில ஒரு கொப்புளமும் இல்ல." தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களோடு பழகியவன், தமிழ் நன்றாகப் பேசுவான். அவன் சொன்னதில் பொய்யில்லை. தின்ற இலையைத்தான் அவன் அறிவான், தோட்டின் எண்ணெயை அல்ல. இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதுமானதாயிற்று. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், குடியுரிமைத் தாள் இல்லாதவள். குற்றம் உறுதியானால் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்.

"அந்த ஊருல எனக்கு யாருய்யா இருக்கா?" என்றாள் செல்லம்மா. "ஒரு நாய்கூட என்னைப் பாத்துக் குலைக்காம இருக்காதே."

நான் லயத்துக் குப்பையிலிருந்து அவள் உடைத்த தோடுகளைப் பொறுக்கினேன். பாதி வெந்தும் வேகாமலும் இருந்தவற்றைக் குறட்டால் நசுக்க, கறுத்த எண்ணெய் கசிந்தது. ஹமீதிடம் ரெங்காஸ் பால் கொண்டுவரச் சொன்னேன். ஓர் இலையில் ஏந்தி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாம்பைக் கொண்டுவருவதுபோல் வந்தான். கொப்புளத்தை வைத்து மரத்தைச் சொல்ல முடியாது என்று காட்ட, இன்ஸ்பெக்டர் எதிரில் இடது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். எது எங்கே என்று எனக்குத் தெரிந்தால், சொறிந்து ஏமாற்றினேன் என்பார்கள். ஹமீது இரண்டையும் இரண்டு இடத்தில் தொட்டு வைத்தான். துணி கட்டி, அதன்மேல் பேனாவால், அரபு எழுத்துப் போன்ற தன் ஜாவி எழுத்தில் குறித்தான். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

"பைத்தியமா டிரஸர்?" என்றான் மெதுவாக.

"எல்லாருக்கும் கட்டுப் போடறவன் நான். எனக்குப் போட நீதான் ஆளு" என்றேன்.

கட்டை அவிழ்த்துப் பார்க்கும்வரை செல்லம்மாவை எங்கும் அனுப்புவதில்லை என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். முதல் நாள் ஒன்றுமில்லை. என் தோல் மறந்துவிட்டதோ என்று பயந்தேன். எத்தனை வருஷம் இந்தக் கரை நீரில் குளித்தாயிற்று, பண்ருட்டி எண்ணெயைப் பார்த்தால் அதற்கு இன்னும் கோபம் வருமா? வந்தது. அடுத்த நாள் பிற்பகல் கட்டுக்குள் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, விடிவதற்குள் கை கனன்றது.

இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கட்டை அவிழ்த்தோம். இரண்டு இடத்திலும் ஒரே சிவப்பு, ஒரே கொப்புளக் கொத்து. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இதில் ரெங்காஸ் எது?" என்றார். ஹமீது துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொப்புளத்து நீர் கசிந்து எழுத்து கலங்கிப் போயிருந்தது.

"நானும் மறந்துட்டேன்லா" என்றான்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கொட்டகையின் கதவைத் திறக்கச் சொன்னார். செல்லம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள், திரும்பிப் பார்க்காமல். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூக்குச் சட்டியில் கோயில் பொங்கல் வந்து இறங்கியது; கொண்டுவந்தவள் செல்லம்மா. "பயப்படாம சாப்பிடுங்கய்யா. முந்திரி போடல."

இப்போது புண் ஆறிவிட்டது. ஹமீதை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் முன்கையில் இரண்டு கறுத்த வட்டங்கள் இருக்கின்றன. கிணற்றடியில் சோப்புப் போடும்போது கை அங்கே நின்றுவிடும். ஒன்று நான் பிறந்த மண்ணின் மரம், ஒன்று இந்த மண்ணின் மரம். எது எது என்று சொல்ல ஆளில்லை. தேய்த்துப் பார்க்கிறேன், இரண்டும் போகவில்லை. இரண்டுமே என் தோலாகத்தான் இருக்கின்றன.