செவ்வாய்க்கு வீடு மாற்றிய அரை மணி நேரம்

இதை எழுதும்போதுகூட நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

போன வெள்ளிக்கிழமை, என் மகளுக்குப் பொருத்தம் பார்க்க பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜோசியரிடம் போயிருந்தேன். லேப்டாப்பில் கணக்குப் போடும் இளவட்ட ஜோசியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். வந்ததோடு வந்தோம், தங்கச்சிக்கும் பலன் கேட்போமே என்று மல்லிகா பிறந்த நாளையும் நேரத்தையும் சொன்னேன்.

மல்லிகாவுக்கு நாற்பத்தாறு வயது. புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணம் ஆகவில்லை. செவ்வாய் தோஷம் என்று அவரிடம் சொன்னேன்.

“தோஷமா? யாரு சொன்னா? இவங்களுக்கு செவ்வாய் ஆறுல லா இருக்கு. தோஷமே இல்ல அக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் படம் எடுத்து வைத்திருந்த பழைய ஜாதகத்தைக் காட்டினேன். அதில் செவ்வாய் ஏழாம் வீட்டில்!

“அக்கா, எண்பத்திரண்டுக்கு முந்தி நம்ம மணி அரை மணி நேரம் பின்னால. இத கம்ப்யூட்டர்ல போட்டவரு இப்ப உள்ள மணிய வெச்சுப் போட்டுட்டாரு. லக்னமே மாறி, செவ்வாய் ஏழுக்குப் போயிருச்சு.”

ஐயோ... அரை மணி நேரம்!

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. மலேசியாவில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று, எண்பத்திரண்டாம் வருடம் பிறந்தபோது இந்தப் பக்கம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். காலையில் எங்கள் வீட்டில் நாற்காலி மேல் ஏறி முள்ளைத் தள்ளியதே நான்தான். எனக்குப் பத்து வயது. கீழே நின்று கை தட்டிய குட்டிப் பாப்பா மல்லிகா.

அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன் — அந்த அரை மணி நேரம் எங்கே போனது? சூரியன் தள்ளி நிற்கவில்லை. பினாங்கு நகரவில்லை. மேலே ஒரு உத்தரவு போட்டார்கள், ஊரே முள்ளைத் திருப்பியது. அப்படியென்றால் நேரம் வானத்தில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா? நாமே திருப்பி வைத்ததை ஆண்டவன் எழுத்து என்று நம்பித் தொலைத்திருக்கிறோமே!

அந்த நம்பிக்கையில் நான் செய்த காரியம்... சொல்லவே வாய் கூசுகிறது. இருபது வருடத்துக்கு முன், சிம்பாங் அம்பாட்டிலிருந்து நல்ல வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்கள். பிறகு மல்லிகாவுக்குக் கம்ப்யூட்டரில் போட்ட இந்த ஜாதகம் வந்தது. அவர்கள் வீட்டுக்கே போய் “சரி வராதுங்க” என்று சொல்லிவிட்டு வந்தது சாட்சாத் நானேதான்.

மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம், மல்லிகாவின் ரெஸ்ட் நேரம் பார்த்து போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதே விட்டேன்.

“மல்லி, ஒன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்டி.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தைத் தாண்டி மல்லிகாவின் குரல் கேட்டது.

“அழாதீங்க லா அக்கா. மணி தப்பு, செவ்வாய் தப்பு... அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. வீட்டில் யாருமே கேட்கவில்லை.

“சரி, ரெஸ்ட் முடிஞ்சிருச்சு,” என்று வைத்துவிட்டாள்.

மகளின் பொருத்தத் தாள் மேஜை மேல் கிடந்தது. பத்துக்கு எட்டு. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

“ஏம்மா, ஒனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?”

கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை!