படம் முந்தக் கூடாது

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் வீப்கெ டாமனுக்கு ஞாயிறு வந்தால் காடுதான். பறவைக் குரல்களைப் பதிவு செய்து வந்து பாட்காஸ்ட் போடுவாள். பறவைக்கு ஓர் அத்தியாயம். முதலில் குரல், கேட்பவர் என்ன பறவையென்று யோசித்து முடித்த பிறகே செல்பேசித் திரையில் படம் வரும். ஒவ்வொரு படத்தையும் குரலோடு பொருத்தி முடிப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பாதிப் பேருடைய செயலியில் படமே தெரியாது. யாருக்காக இந்தப் பாடு என்று கணவன் ஹென்னிங் கேலி செய்தான். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. இலையுதிர் கால நேயர் சந்திப்பில், இனிமேல் படம் கிடையாது என்று சொல்லிவிடத் தீர்மானித்தாள்.

ஃபிரெரிக்ஸ் என்ற ஒரு நேயர் மட்டும் அவளைக் குடைந்துகொண்டே இருந்தார். படம் வரவேண்டிய நொடியைக் காட்டும் அத்தியாயக் குறி கொஞ்சம் தவறினாலும் எங்கள் பிரேமன் நகரத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அதில் அதிசயமில்லை. ஆனால் படம் பிந்தினால் இவர் வாயே திறப்பதில்லை. முந்தினால் மட்டும் மறுநாளே புகார். அது ஏன் என்று தெரியாமல் வீப்கெவுக்கு மண்டை காய்ந்தது.

சந்திப்பு நடந்த பீர்க்கடைக்கு ஃபிரெரிக்ஸ் தன் மனைவி அல்முட்டின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உட்காரக்கூட விடாமல் வீப்கெ காரணம் கேட்டாள்.

"புகார் எழுதறதுதான் அவரு. சொல்றது நான்" என்றாள் அல்முட்.

அல்முட்டுக்குப் பார்வை மங்கிவிட்டது. அவருக்கோ மெல்லிய கீச்சொலிகள் காதில் ஏறுவதில்லை. இருவரும் சோபாவில் உட்கார்ந்து போட்டி போடுவார்களாம். படம் வருமுன் அவள் பறவையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

"படம் முந்தினா இவர் பாத்துச் சொல்லி ஜெயிச்சிடறாரு. அன்னிக்குப் பாத்திரம் கழுவறது என் தலையில. இது நியாயமாம்மா?"

வீப்கெ சிரித்தாள். ஃபிரெரிக்ஸ் சிரிக்கவில்லை.

"அந்தப் பொன்தலைச் சிட்டு இருக்கே, அது குரல் என் காதுல விழுந்து வருஷக்கணக்காச்சும்மா. காட்டுல அந்த ஜாதியே அத்துப்போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். உன் படம் வந்தப்புறந்தான் அது இன்னும் பாடுதுன்னு தெரிஞ்சுது."

அதற்குள் யாரோ கிளாஸைத் தட்டி வீப்கெவைப் பேசச் சொன்னார்கள். எழுந்தவள், தயாரித்து வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "இனிமே படம் முந்தாது" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்ப இனிமே பாத்திரம் இவருக்குத்தான்" என்றாள் அல்முட்.