தங்கியிருப்பதற்கான காரணம்

போட்டோ கொப்பி அடிக்கிற கடையில் நிற்கிறவளுக்கு ஊர்ச்சனம் பிறந்த திகதி, கலியாணம் முடித்த திகதி, செத்த திகதி எல்லாம் தெரியும். அவளுடைய பெயர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. "தங்கச்சி, முன்னும் பின்னும் ஒரே பக்கத்தில" என்று நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். என்னை மாதிரி நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கின காலோடு பஸ் ஏறுகிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து இருந்தோம். என் கணவருக்கு மருதானையில் ஒரு இரும்புக்கடையில் வேலை. மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் வெள்ளவத்தைக்கு வருவேன். கடை முதலாளி முஸ்லிம் ஆள், அவரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். மெசின் கதைக்காது என்பதால்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன்.

சண்டை நடந்த காலம் அது. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த சனத்தால்தான் எங்கள் கடை ஓடியது. அவர்களில் ஒருவன் நிரோஷன்.

போன இடமும் வந்த இடமும்

முதல் நாள் கறுப்பு மட்டை போட்ட ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தான். "எல்லாப் பக்கமும் வேணும் அக்கா. முதுகு உடையாமல் அடியுங்கோ" என்றான். நான் ஒவ்வொரு பக்கமாகக் கவிழ்த்து அடிக்க அடிக்க, கைக்குழந்தையை டாக்குத்தரிடம் கொடுத்தவன் மாதிரிப் பக்கத்திலேயே நின்றான். பாதி முடிந்த பிறகுதான் இது என்ன கொப்பி என்று கேட்க எனக்கு வாய் வந்தது. விமானம் ஓட்டிய கணக்குக் கொப்பியாம். ஒரு வரி ஒரு பறப்பு. இந்தியாவில் போய்ப் படித்து லைசன்ஸ் எடுத்தவனாம். அப்பா யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டினவர். இங்கே ஒரு விமானக் கம்பெனி விமானிகள் வேண்டுமென்று பேப்பரில் போட்டிருக்கிறது, அதற்கு மனுப் போடத்தான் இந்தக் கொப்பி. இருபத்தெட்டு வயதுக்கு உள்ளேதான் எடுப்பார்கள், வருகிற ஆவணியோடு தனக்கு இருபத்தெட்டு முடிகிறது, இதை விட்டால் இல்லை என்றான்.

எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரே மாதிரி எழுத்து என்றால் கண்ணுக்குத் தெரியும். புறப்பட்ட இடம், இறங்கின இடம் என்று அவன் சொல்லித் தந்த இரண்டு கட்டத்திலும் பக்கம் பக்கமாக ஒரே பெயர் கிடந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "படிக்கேக்க அப்பிடித்தான் அக்கா, எங்க பறந்தாலும் ஏறின இடத்திலயே திரும்ப வந்து இறங்க வேணும்" என்றான்.

ஆணியில் தொங்கின கோட்

மனுவுக்குப் படம் வேண்டும். எங்கள் கடையின் பின்பக்கத்தில் ஒரு நீலத்துணியும் ஒரு ஸ்டூலும் இருந்தன. பக்கத்து ஆணியில் ஒரு கறுப்புக் கோட், முடிச்சுப் போட்டபடியே ஒரு டை. வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் அந்தக் கோட்டுக்குள்தான் புகுந்து எழும்புவார்கள். மெலிந்தவனுக்குப் பின்னால் துணிக்கிளிப் போட்டு இறுக்குவது என் வேலை. பவுடரும் வியர்வையும் கலந்த ஒரு மணம் அதில் எப்போதும் இருக்கும். கழுவினால் கலர் போய்விடும் என்று நானா கழுவ விடமாட்டார்.

நிரோஷனுக்கு மூன்று கிளிப் தேவைப்பட்டது. பாஸ்போட் கொப்பிக்குக் காத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, தன் இரண்டு மகன்களும் இந்தக் கோட்டைப் போட்டுப் படம் எடுத்துத்தான் கனடா போனார்கள், நல்ல ராசியான கோட் என்றார். தான் கனடா போகவில்லை, இங்கேயே விமானம் ஓட்டப் போகிறேன் என்று இவன் சொன்னான். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உனக்கு உது சரிவராது மோனை, உது சீற்றில இருந்து போற ஆக்களின்ர கோட், ஓட்டிக்கொண்டு போறவனுக்கில்லை."

வடிவான எழுத்து

வெளியூர்ச் சனம் கொழும்பில் தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். பதிவுப் போர்மைக் கட்டுக்கட்டாக அடித்து வைத்திருந்தோம். எழுதத் தெரியாத, எழுதப் பயந்த ஆட்களுக்கு நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். பெயர், அடையாள அட்டை, சொந்த முகவரி, கடைசியில் 'கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்'. அந்தக் கட்டத்தில் என் கை தானாகவே 'வெளிநாடு செல்ல' என்று எழுதிவிடும். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்த கிழவருக்கும் அதுதான், காணாமல் போன மகனைத் தேடி வந்த தாய்க்கும் அதுதான். அப்படி எழுதினால் மேலே ஒரு கேள்வியும் வராது. போகப் போகிறவர்கள்தானே என்று முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். இது லொட்ஜுகளில் எல்லாருக்கும் தெரிந்த முறை.

நிரோஷனுக்கும் அப்படியே எழுதி நீட்டினேன். அவன் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தான். விமானக் கம்பெனி ஆளை எடுக்கமுதல் பொலிசில் விசாரிக்குமாம். கம்பெனி மனுவில் ஒன்றும் பொலிஸ் போர்மில் இன்னொன்றும் இருந்தால் பொய்க்காரன் என்று தள்ளிவிடுவார்களாம். அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. புதுப் போர்ம் எடுத்தேன். 'விமானி வேலைக்கு விண்ணப்பித்திருப்பதால்' என்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின என்னுடைய எழுத்தில், கட்டத்தின் கீழ்க்கோட்டில் முட்டாமல் எழுதினேன். இத்தனை மாதத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதின முதலாவது வேறு காரணம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கே அந்த வேலை கிடைத்த மாதிரி ஒரு சந்தோசம். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வடிவான எழுத்தக்கா, வாசிக்கிற ஆக்களுக்கும் பிடிக்கும்" என்றான்.

கடிதம் இருந்தது, ஆள் இல்லை

லொட்ஜில் கடிதங்கள் தொலையும் என்று, பல பேர் எங்கள் கடை முகவரியைத்தான் கொடுப்பார்கள். வந்த கடிதங்களை நானா மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைப்பார். ஒரு திங்கட்கிழமை மூலையில் விமானப் படம் போட்ட நீளக் கடிதம் நிரோஷனுக்கு வந்தது. நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது என்றார். நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை.

செவ்வாய் பின்னேரம் நானே கடிதத்தை எடுத்துக்கொண்டு லொட்ஜுக்குப் போனேன். மனேஜர் என்னைப் பார்க்காமல், அறைத் திறப்புகள் தொங்கின பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஞாயிறு விடியப் பொலிஸ் ஆக்கள் வந்தார்களாம். மற்ற அறைகளை ஒன்றும் தட்டவில்லையாம். நேரே அவனுடைய கதவுக்குத்தான் போனார்களாம். அவனோடு கறுப்புக் கொப்பியையும் கொண்டுபோனார்களாம். "போர்ம் ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டுதான் வந்தவங்கள் பிள்ளை, அறை நம்பர் கூட என்னட்டக் கேக்கேல்லை."

எழுதினது யார்

அந்தப் போர்ம் என்னுடைய எழுத்து. யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு விமானம் ஓட்டத் தெரியுமென்றால், அந்த நாளில் இயக்கத்து ஆளோ என்றுதான் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க மகளை அணைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் சொன்னால் பொலிசுக்குப் போக விடமாட்டார் என்று சொல்லவில்லை. காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து நானாவிடம் சொன்னேன். ஆம்பிளை போனால் கேள்வி கூடும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போங்கள், கடிதத்தைக் காட்டுங்கள் என்றார். அசல் வேண்டாமென்று, உறையைப் பிரித்து ஒரு கொப்பி அடித்துத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பொலிசில் இரண்டு மணித்தியாலம் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தோம். மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். கூப்பிட்டபோது மேசையில் அந்தப் போர்ம் கிடந்தது. கடைசிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். நான் கடிதத்தை நீட்டினேன். சார்ஜன் அதைத் தொடவில்லை. போர்மில் விரலை வைத்து, "மேக்க லிவ்வே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார். எழுதினது யார் என்று. கடையில் விலை கேட்கிறவர்களுக்கே பதில் சொல்ல நானாவைப் பார்க்கிறவள் நான். மகளின் பாரத்தில் கை மரத்துப்போய் இருந்தது. "மம" என்றேன், நான்தான் என்று. அவர் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், தங்கச்சி என்பதற்கு மட்டும் நங்கி என்று போட்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "எல்லாம் வெளிநாடு போறது, இவர் ஒராள் மட்டும் பிளேன் ஓட்டுறது, ஏன் நங்கி நீங்க உண்மை எழுதினது?"

வியாழக்கிழமை

விசாரித்து முடிய விடுவோம் என்றார்கள். எப்போது முடியும் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நானா விமானக் கம்பெனிக்குப் போன் எடுத்தார். இன்றைக்கு வர வேண்டிய பிள்ளைக்கு வர முடியவில்லை, இன்னொரு நாள் தர முடியுமா என்று தன் இங்கிலீசில் கேட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண். நானா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "காரணம் கேக்கிறாங்க தங்கச்சி."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேனே. "காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ" என்றேன். நானா சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், தாங்யூ என்றார், வைத்தார். விமானி வேலைக்கு வருகிறவருக்குக் காய்ச்சல் வருத்தம் என்றால் சும்மா விட முடியாதாம். மருத்துவச் சான்றிதழ் முழுக்கத் திரும்ப எடுத்து, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது புதிதாக மனுப் போடட்டுமாம். அடுத்த முறை என்றால் ஆவணி கழிந்துவிடும். நான் மெசினைத் திறந்து வெறும் கண்ணாடியைத் துடைத்தேன். "நெசத்தச் சொல்லியும் போச்சு, பொய்யச் சொல்லியும் போச்சு, இனி நாம வாயத் தொறக்காம கொப்பி அடிப்பம் தங்கச்சி" என்றார் நானா.

பறக்காத ஆள்

ஒரு மாதத்துக்குப் பிறகு கடை வாசலில் நின்றான். தாடி மழித்திருந்தான். வலது கைப் பெருவிரலை மடக்காமல் வைத்திருந்தான், நான் கேட்கவில்லை. குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். கொப்பியையும் தந்துவிட்டார்களாம். பையிலிருந்து எடுத்து மெசினுக்கு மேல் வைத்தான். ஒவ்வொரு பக்கத்திலும், அவன் பறந்த வரிகளுக்கு மேலேயே, ஊதா நிற முத்திரை. முத்திரைக்குக் கீழே விசாரித்தவரின் கையெழுத்து. கொப்பி அடிக்கவா என்று கேட்டேன். "வேண்டாமக்கா. இதை இனி எந்தக் கம்பெனியில காட்டிறது?"

"நான் எழுதினதாலதானே தம்பி" என்று கடைசியில் சொல்லிவிட்டேன். லொட்ஜ் மாறிவிட்டதால் திரும்பப் பதிய வேண்டும், ஒரு போர்ம் தாருங்கள் என்றான். எழுதிக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. அவன் கொப்பியைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தான். "வழமையா எழுதுறதை எழுதுங்கோ அக்கா." எழுதினேன். பிறகு அவனே பின்பக்கம் போய் அந்தக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தான். இந்த முறை ஐந்து கிளிப்.

ஒரு போன்

இரண்டு வருசத்துக்குப் பிறகு கடைப் போனுக்கு எடுத்தான். குளிர் நாடு ஒன்றிலிருந்து. ஒரு விமான நிலையத்தில் வேலை என்றதும் எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு நிரம்பிவிட்டது. என்ன வேலை என்று கேட்டேன். சனத்தை ஏற்றிக்கொண்டு போய் விமானத்தின் படிக்கட்டடியில் விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறானாம். ஒரு நாளைக்கு இருபது தடவை போவானாம், இருபது தடவை வெறும் பஸ்ஸோடு திரும்புவானாம். "அப்பாவின்ர வேலைதானக்கா, இங்கயும் ஏறின இடத்துக்கே திரும்பி வந்து இறங்கிறன்" என்றான்.

போன மாதம் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கிறதுக்கு ஒரு போர்ம் தந்தார்கள், அதில் 'இப்பாடசாலையைத் தெரிவு செய்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது, நான் யோசிக்கிறதுக்குள் என் கை அதில் வடிவான எழுத்தில் 'வெளிநாடு செல்ல' என்று எழுதி முடித்துவிட்டது.