மழையில் நின்ற பெட்டி

எங்கள் இரத்தோட்டை கிறிஸ்தவ ஆலயத்தில் தமிழும் சிங்களமும் ஒரே ஆராதனையில் ஒலிக்கும். டவுன் கடைக்காரர்கள், தேயிலைத் தோட்டத்துச் சனங்கள், சிங்களக் குடும்பங்கள் எல்லாரும் ஒரே சபை. இதைச் சொல்லி நானே எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வாய் அடைத்துப் போனது.

மேல் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஓர் அம்மா இறந்துபோனார். சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் இறங்கி வந்து ஆலயத்தைக் கூட்டித் துடைத்தவர் அவர். சவப்பெட்டி லொறியில் வந்தபோது ஆலயக் கதவு பூட்டியிருந்தது. மறுநாள் ஒரு சிங்களக் குடும்பத்தின் கல்யாணம்; உள்ளே வெள்ளைப் பூவும் துணியுமாகச் சோடித்திருந்தார்கள்.

சாவி ஆலயக் கமிட்டிச் செயலாளரிடம். அவரும் தமிழர்தான், டவுன்காரர்.

"கல்யாண வீட்டுக்காரங்க மனசு நோகும். வெளியவே ஜெபத்த முடிச்சிருவோம். நமக்குள்ள ஒத்துமதான் முக்கியம்."

மழை வலுத்தது. அந்த அம்மாவின் மகள் பெட்டியின் மேல் முந்தானையை விரித்துக்கொண்டு கேட்டாள்: "எங்கம்மா தொடச்ச தரையில எங்கம்மாவ வைக்கக் கூடாதா?"

நான் கமிட்டி உறுப்பினன், வாத்தியார். குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். செயலாளர் மேல் எவ்வளவு கோபமோ, அந்தக் குடையைப் பிடித்த கையின் மேலும் அவ்வளவு கோபம் இன்றும் எனக்கு உண்டு.

பூ அலங்காரத்தைப் பார்க்க மணப்பெண்ணின் தாய் வந்தார். பெட்டியைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"ஐயோ, ஏன் மழையில வெச்சிருக்கு? எங்களுக்காகவா? நாங்க அப்படிச் சொல்ல இல்லையே!"

செயலாளர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சுடச்சுடச் சொன்னார். சாவி வெளியே வந்தது. வெள்ளைப் பூக்களுக்கு நடுவே பெட்டியை வைத்தோம். மணப்பெண்ணின் தாய், இறந்தவரின் மகளுடைய தோளைப் பிடித்தபடி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரைக் காரணம் காட்டிக் கதவைப் பூட்டினார்களோ, அவரே திறக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அறிவிப்பு வாசித்தார். துக்கமும் கல்யாணமும் ஒரே ஆலயத்தில் நடந்தது எங்கள் ஒற்றுமைக்குச் சாட்சியாம்! என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, நடந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். என் குடையையும் விடாமல் சொன்னேன்.

"இதெல்லாம் கமிட்டியில பேசலாம் சேர்," என்றார் அவர்.

"கமிட்டியிலயா அந்த அம்மா நனைஞ்சாங்க?" என்று கேட்டேன்.

பின் பெஞ்சுகளில் தோட்டத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். பிறகு சில சிங்களக் குடும்பங்களும் எழுந்தன. டவுன் பெஞ்சுகளில் பாதி அசையவில்லை.

சாவி இப்போது போதகரிடம் இருக்கிறது. செயலாளர் இன்னும் செயலாளர்தான். அந்த மகள் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை; தோட்டத்து லயத்தில் அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"அவரு வந்து மன்னிப்பு கேக்கட்டும் சேர், வர்றேன்," என்றாள்.

இன்னும் அவர் போகவில்லை.