அப்பாவின் காதுக்கு நான் எழுதிய மனு

மன்னார்புரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் பட்டறை. அதில் பாய்லர் கட்டும் ஷெட்டில் அப்பாவுக்கு வேலை. பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணியை வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். அடிபடும் ஆணி உள்ளே நழுவாமலிருக்க, பாய்லரின் வயிற்றுக்குள் ஒருவர் குந்தியிருந்து இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் அப்பா. பத்தொன்பது வருஷம் பிடித்தார். வெளியே அடித்தவர்களுக்குக் காது மந்தமானது. உள்ளே இருந்த அவருக்குச் சுத்தமாகப் போய்விட்டது.

அந்த ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. சோறு பிசைவதுபோல் கையைக் காட்டினால் சாப்பாட்டு நேரம். எண்களுக்கு விரல். ஐந்துக்கு மேலே போனால் ஒவ்வோர் ஐந்துக்கும் ஒருமுறை மூக்கைத் தொட்டுவிட்டு மிச்சத்தை விரலில் காட்டுவார்கள். அப்பா வீட்டிலும் அப்படித்தான் இன்னும் இரண்டு தோசை கேட்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காவிரிப் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்பா முன்னால் போனார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. நான் ஓடிப்போய் இழுத்தேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யோவ் பெருசு, காதுல என்ன பஞ்சு மூட்டையா? சமயபுரத்து ஆத்தாளே எந்திரிச்சிருப்பா, நீ எந்திரிக்கல!" என்று கத்தினான். தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அப்பா சிரித்துக் கையை உயர்த்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, உண்மையை எழுதினால் நியாயம் கிடைக்கும் என்று புத்தகத்தில் படித்து நம்பியிருந்தேன். வேலையின் சத்தத்தால் எட்டு வருஷமாக எனக்குக் காது கேட்கவில்லை, நஷ்டஈடும் இலேசான வேலையும் தர வேண்டும் என்று அப்பா சொல்வதுபோல் இங்கிலீஷில் இரண்டு பக்கம். நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வரைந்து கொடுத்தார்.

வருஷா வருஷம் பட்டறையில் காது பரிசோதனை உண்டு என்பது எனக்குத் தெரியும். அதில் அப்பா எப்படித் தேறினார் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.

இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். மேனேஜர், டாக்டர், ரிஜிஸ்தரோடு கம்பவுண்டர். கம்பவுண்டர் அதே ஷெட்டில் வேலை பார்த்துக் கால் நசுங்கி, பிறகு மருந்து அறைக்கு வந்தவர்.

"எட்டு வருஷமா கேக்கலையாம். எட்டு தடவையும் பாஸ். எப்படிப்பா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

டாக்டர் எழுந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "பதினேழு" என்றார். அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆனால் பரிசோதனை என்று புரிந்துகொண்டார். எட்டு வருஷப் பழக்கத்தில் எதிரே நின்ற கம்பவுண்டரின் கைகளைப் பார்த்தார். கம்பவுண்டர் இரண்டு கைகளையும் ரிஜிஸ்தரோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திக்கொண்டார். அப்பா காத்திருந்தார். மூக்கைத் தொடப்போகிறாரா என்று முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கைகளைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

"விரல் போச்சுன்னா நஷ்டஈடு எழுதித் தரலாம். ரெண்டு காதும் இருந்த இடத்துலயே இருக்கே தம்பி," என்றார் மேனேஜர். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் சட்டம் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். வேலைக்குத் தகுதியில்லை என்று அப்பாவை நிறுத்தினார்கள். கம்பவுண்டரையும் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் ஷெட் முழுவதையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்துப் பரிசோதித்ததில் இன்னும் மூன்று பேர் போனார்கள். அதில் இருவர் எங்கள் வரிசை வீடுகளிலேயே குடியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, அப்படி என்னதான் எழுதிக் குடுத்தீங்க? புள்ளைய வாசிக்கச் சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்," என்றார் ஒருவர். அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட அப்பா என் பக்கம் திரும்பி, "வாசிப்பா," என்றார்.

என்னிடம் இருந்த நகலை எடுத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்கவில்லை என்று வந்தவர்களில் ஒருவர் கையை ஆட்டினார். அவர்கள் இருவருக்கும் கேட்கவும் அப்பாவுக்கு உதடு புரியவும் வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். தொண்டை கிழியக் கத்தினேன். 'தங்கள் கருணையை நம்பி' என்ற வரி வந்தபோது தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடித்தேன். வந்தவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொய் ஒண்ணும் எழுதலையே," என்று மற்றவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கி, அடியில் தன் கையெழுத்தைப் பார்த்து நான் நகலெடுத்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.