முப்பது டிகிரி அக்கா

முதல் பேட்டரியின் விலாவில் அக்கா புறங்கையை வைத்துப் பத்து வரை எண்ணுகிறார். பிறகு இரண்டாவது பேட்டரி, இன்னொரு பத்து. உள்ளங்கை இந்த வேலைக்கு ஆகாதாம். "உள்ளங்கை ஆசிட் பட்டு, ஸ்பேனர் பிடிச்சு மரத்துப் போச்சு. புறங்கைக்குத்தான் இன்னும் கொஞ்சம் சொரணை இருக்கு" என்பார். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஒரு 'ம்' மட்டும். ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சுட்டுவிட்டால் அன்றைக்கு அந்தப் பேட்டரிக்கு நேரம் சரியில்லை. மூடிகளைத் திருகிக் கழற்றி, ஒவ்வொரு அறைக்குள்ளும் டார்ச் அடித்து, எந்த அறை தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

அதன் பிறகுதான் பெட்டியின் பக்கம் திரும்புவார். இன்குபேட்டர் என்று அதற்குப் பெயர் உண்டு, ஆனால் இங்கே எல்லாருக்கும் அது பெட்டிதான். இடுப்பு உயரம், முன்னால் ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே ஈர மணலில் பாதி புதைந்து பத்தொன்பது ஆமை முட்டைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் அதோடு சரி. குறி எப்போதும் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். பெட்டியின் நெற்றியில் சிவப்பாக ஓர் எண் எரிகிறது: 30.0. அதைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை படிப்பார். இரண்டு தடவையும் முப்பதாகவே இருந்தால் கடைக்குக் கிளம்புவார்.

கடை எதிரேதான். ஊர்வனப் பூங்காவின் வாசலைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் இரண்டு அறைகளுடன் அக்காவின் பேட்டரிக் கடை. பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் திரும்பும் இடத்தில், பாம்பு, உடும்பு, ஆமை எல்லாம் வைத்திருக்கும் சின்ன இடம். விடுமுறைக்கு வரும் குழந்தைகள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவுமே அசையவில்லையே என்று குறைபட்டுக்கொண்டு போவார்கள். பூங்காவின் வேலையாட்கள் பட்டியலில் அக்கா இல்லை. அதனால் தினமும் வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் மூன்று வருஷமாக ஒரே சொல்தான்: முப்பது. ஆரம்பத்தில் வாசல் காவலர், "இது என்னம்மா, நோக்கமா, வயசா?" என்று மல்லுக்கட்டிப் பார்த்தார். வயசு ஐம்பத்து நான்கு என்று பதில் வந்தது. அப்புறம் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

வேலைக்கு வரும்போது உடுப்புக்கு மேலே கணவருடைய பழைய டிரைவர் சட்டை. பாலியஸ்டர். பருத்தி என்றால் ஆசிட் நாலே நாளில் சல்லடையாக்கிவிடும். வளையல், மோதிரம் எல்லாம் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணிக்குப் போய்விடும். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வளையல் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவரது இடது மணிக்கட்டில் வட்டமாக ஒரு தழும்பு சாட்சியாக இருக்கிறது. தொழில் பழகிய முதல் வருஷத்துச் சம்பாத்தியம் அது என்று சிரித்துக்கொண்டே காட்டுவார்.

கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஆமைகளுக்கு ஆணா பெண்ணா என்பதை முட்டைக்குப் படும் சூடுதான் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் எல்லாம் பெண்ணாகிவிடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம்தான்.

"நமக்கு மூணும் பொண்ணு. நீ என்ன டிகிரில வச்சிருந்த?"

"உங்க கோவத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தா வேற எப்படி இருக்கும்?"

இன்னொரு நாள், காய்ச்சலில் படுத்திருந்தவர் போர்வைக்குள்ளிருந்து முனகினார். "முட்டைக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை டெம்பரேச்சர் பாக்குற. எனக்கு ஒரு தடவை பாத்தியா?" அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு வாய் இருக்கு, ஊரைக் கூட்டிருவீங்க. அதுங்களுக்கு யாரு இருக்கா?" சொல்லிவிட்டு அவர் நெற்றியிலும் புறங்கையைத்தான் வைத்தார்.

இந்தக் கவனம் பிறவியிலேயே வந்ததல்ல. அதன் பின்னால் பதினோரு முட்டைகள் இருக்கின்றன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில் கரண்ட் போனது. அப்போது பூங்காவில் பேட்டரியும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை. பூங்காவின் கால்நடை டாக்டரம்மா ரோட்டைத் தாண்டி ஓடி வந்து, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பொருத்தமான இன்வெர்ட்டர் கடையிலும் இல்லை. அக்கா பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டியைச் சுற்றி அணைகட்டினார். மேலே இரண்டு கம்பளி. மூடியை யாரும் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மாவையே தள்ளி உட்காரவைத்துவிட்டார். நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரிதான் இறங்கியது. கரண்ட் வந்ததும் இருவரும் பாட்டில்களை அகற்றி, கம்பளியை மடித்து, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

அந்தப் பெட்டி அடிப்படையில் கோழி முட்டைக்குச் செய்தது. கரண்ட் நின்று திரும்பி வந்தால், தனக்குச் சொல்லிவைத்த எண்ணை மறந்துவிட்டு, பிறந்த வீட்டில் கற்ற எண்ணுக்கே போய்விடும்: 37.5. கோழிக்கு அது சுகமான கதகதப்பு. ஆமை முட்டை அதில் வெந்தே போகும். மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள், பதினொன்றும் போயிருந்தன. பெட்டி என்னுடையது, தப்பும் என்னுடையதுதான் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. "போனதுக்குப் பயந்து நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். வந்ததுக்குப் பயப்படத் தெரியல" என்றார். அந்த வாரமே தன் கடையிலிருந்து இரண்டு பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்வெர்ட்டர் ஒன்றையும் தேடிப் பிடித்து மாட்டினார். பதிவேட்டில் 'முப்பது' ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இன்வெர்ட்டர் வந்த பிறகும் பெட்டியின் மறதி முழுசாகத் தீரவில்லை. பேட்டரிக்கும் சுவர்க் கரண்டுக்கும் மாறுகிற அந்த ஒரு கண்ணிமைப்பில் சில நாள் எண் நிற்கும், சில நாள் ஓடிவிடும். மறக்காத பெட்டி ஒன்று கடைகளில் வந்திருக்கிறது, கேட்டு எழுதியிருக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். "மறக்காதுன்னு அட்டையில போட்டிருப்பான். அட்டையில என்னதான் போட மாட்டான்?" என்றார் அக்கா.

இந்த வருஷத்துப் பத்தொன்பதும் வயதான ஓர் ஆற்று ஆமை இட்டவை. ஆறு வருஷம் கழித்து இட்டிருக்கிறது. இனி இடுமா என்பது சந்தேகம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டாவது நாள், முனையில் ஒரு லாரி கம்பத்தில் மோதிவிட்டது. காலை ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. டாக்டரம்மா வெளியூரில். அக்கா கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டார். பேட்டரி சுமையை எடுத்துக்கொண்டது, எண்ணும் நின்றது. மதியம் வரை ஒரு குறையும் இல்லை.

மதியம் கை கழுவ ஐந்தே நிமிஷம் போனார். டிக்கெட் கொடுக்கும் பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் டீ குடிக்காத மனுஷிக்கு ஒரு டீ போடலாமே என்று, மின்சாரக் கெட்டிலைக் கொண்டுவந்து, பூங்காவிலேயே உயிரோடு இருந்த அந்த ஒரே இன்வெர்ட்டரின் இரண்டாவது ஓட்டையில் செருகிவிட்டார். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அடங்கியது. சிவப்பு எண்ணும் அணைந்தது.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். கையைச் சட்டையில் துடைத்து, கெட்டிலைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை மறுபடி போட்டார். பெட்டி கண் விழித்தது: 37.5. அதிலிருந்து முப்பதுக்கு இறக்க, பொத்தானை எழுபத்தைந்து முறை அமுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் முப்பதைத் தாண்டி ஓடிவிடும். ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணியபடி அமுக்கினார். டிக்கெட் பெண்மணி சுவரோடு ஒட்டி நின்று அழ ஆரம்பித்திருந்தார்.

"நான் உங்களுக்காகத்தாங்க்கா…"

"தெரியும்மா. எழுபத்தி மூணு, எழுபத்தி நாலு, எழுபத்தஞ்சு." எண் முப்பதில் நின்றது. அதற்கப்புறம்தான் திரும்பினார். "இந்தக் கெட்டில் ஒரு நிமிஷத்துல குடிக்கிற கரண்டை வச்சு பெட்டி அரை மணி நேரம் ஓடும். டீ நல்லாத்தான் இருந்திருக்கும். அஞ்சு மணிக்குப் போடு, குடிக்கிறேன்."

ஒரு சுடுசொல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தானும் ஒரு டீக்காகத்தான் எழுந்து போனோம் என்பது அவருக்கு மறக்குமா? இரண்டாவது ஓட்டையின் மேல் கறுப்பு டேப்பை நாலு சுற்று ஒட்டிவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மாதிரி நேரத்தில் அப்படிப் பேச எத்தனை பேரால் முடியும்?

ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால் தெருவே ஆரவாரம் போட்டது. மின்விசிறிகள் சுற்றின, பல்புகள் எரிந்தன, காவலர் வாசலிலிருந்து "வந்துடுச்சு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அதற்குள் அக்கா சுவரிலிருந்து இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"ஏம்மா, வந்த கரண்டைப் பிடுங்கி வைக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"முதல்ல அது நிதானத்துக்கு வரட்டும் அண்ணே."

சொன்ன மாதிரியே கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்றாவது தடவை வந்து நிலைத்தது. அப்புறமும் அரை மணி நேரம் காத்திருந்துதான் பிளக்கைச் செருகினார். ஒரு 'டிக்'. 37.5. மறுபடி எழுபத்தைந்து. அதன் பிறகு டீ வந்தது. நின்றபடியே, எண்ணைப் பார்த்தபடியே குடித்தார்.

பெட்டி கண் மூடியிருந்த அந்த நிமிஷங்கள் என்ன செய்தன என்று முட்டையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்த ஒரு வாரம் வீட்டில் கணவர் எத்தனை குத்திப் பார்த்தும் அக்கா காலண்டரில் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அவரும் பயந்துபோய்க் கிண்டலை நிறுத்திவிட்டார்.

அறுபத்தாறாம் நாள் முதல் ஓடு விரிந்தது. மறுநாள் மதியத்துக்குள் பதினான்கு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஐந்து இன்னும் ஓட்டுக்குள். பூங்கா மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, பெட்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். டாக்டரம்மா குஞ்சுகள் இருந்த தட்டைப் பிடித்தார், அக்காவைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார், கணவர் கூடச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் விளக்கு ஒரு முறை சிமிட்டியது.

மீதி ஐந்தும் இரண்டு நாளில் வந்துவிட்டன. படம் பெரிதாக அச்சாகி வந்தது. அதில் டாக்டரம்மா, காவலர், டிக்கெட் பெண்மணி, கணவர் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அக்காவின் முகம் இல்லை. சுவர்ப் பக்கம் குனிந்த டிரைவர் சட்டையின் முதுகும், பிளக்கைப் பிடித்த கையும்தான் இருந்தன. மேலாளருக்குச் சங்கடமாகிவிட்டது. இன்னொன்று எடுத்துவிடலாம் என்றார்.

அக்கா படத்தை வாங்கிக்கொண்டார். தன்னைத் தேடுகிறார் என்று நினைத்து எல்லாரும் காத்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்தில் சாய்த்து, டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த பெட்டியின் நெற்றியில் விரலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"முப்பதுதான்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.