தீக்காய வார்டில் ஒரு நீலக் கை

ரங்கூனில் எங்கள் பெரிய டாக்டர் ஒன்று சொல்வார். தீ அணைந்த பிறகுதான் உடம்பு எரியத் தொடங்கும் என்றோ, நமக்கு வேலை தொடங்கும் என்றோ. வாசகம் சரியாக நினைவில்லை. யுத்தத்தில் ஊர் திரும்பி மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் அது புரிந்தது. வார்டு வராந்தாவில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்க்

ஸ்டவ் வெடித்துக் கை வெந்த ஜானகியைக் கொண்டுவந்தார்கள். முழங்கைவரை இரண்டு கையும் நீலம். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். பதறிப்போய், தீப்புண்ணுக்கு இங்க் குளிர்ச்சி என்று மேஜையிலிருந்த புட்டியை அப்படியே அவள் கைகளில் கவிழ்த்திருந்தார். தோலின் நிறம் தெரியாமல் காயத்தை எப்படிப் பார்ப்பது? கழுவச் சொன்னேன்.

"நல்ல இங்க் டாக்டர், லேசில போகாது" என்றார்.

உறைவு

மறுநாள் ரத்தம் எடுத்தால் ஊசியிலேயே உறைந்தது. தீக்காயத்தில் ரத்தத்தின் நீர் வெளியே கசிந்துவிடும். மிச்சம் சுண்டிய குழம்புபோலக் கெட்டியாகும்.

ஜானகியின் மாமியாருக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. "உறைஞ்சா நல்லதுதானே? ஒழுகாம நிக்குமே."

காயத்தின் வாயில் உறைந்தால் நல்லது, உள்ளே சின்னக் குழாய்களில் உறைந்தால் விரல் போய்விடும் என்றேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"போதும் நிறுத்துன்னு அதுகிட்ட யார் போய்ச் சொல்றது?"

வளையல்

அன்று சாயங்காலம் கைகள் வீங்கின. வந்தபோது தளர்ந்து கிடந்த கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்துவிட்டன. விரல் கறுக்கிறதா என்று பார்க்க இங்க் விடவில்லை, தொட்டுப் பார்த்தேன். விரல்கள் சில்லென்றிருந்தன. இடது கை இன்னும் மோசம். உடனே வளையலை உடைக்க வேண்டும் என்றேன்.

மாமியார் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார். "எம்புள்ளை குத்துக்கல்லாட்டம் நின்னுண்டிருக்கான். அவளுக்கு வளையலை உடைக்கவாவது?"

வாத்தியார் என் கையிலிருந்த குறடை வாங்கிக்கொண்டார். அவர் விரல்களிலும் நீலம் போகவில்லை.

"நான் இருக்கேம்மா. அதனாலதான் நானே உடைக்கறேன்."

வலது கை பிழைத்தது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

இப்போதெல்லாம் தீக்காயம் என்று யார் வந்தாலும், வீக்கம் வருவதற்கு முன்பே, வாசலில் வைத்தே, வளையலையும் மோதிரத்தையும் யாரையும் கேட்காமல் எடுத்துவிடுகிறேன்.